தமிழ்நாட்டுல முதல் வீடு வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அடிக்கடி வர்ற கேள்விகள்

எங்க சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்கன்னு வீடு வாங்கப் போற யாரா இருந்தாலும் எங்கிட்ட ஒரு தடவை பேசிட்டுத்தான் போவாங்க. நான் வக்கீல் இல்ல. எங்க வீட்டுல ஒரு சொத்து பதினோரு வருஷம் கோர்ட்டுல கிடந்துச்சு, அதனால நான் வாங்கறப்போ பயந்து பயந்து ஒவ்வொரு பேப்பரா கேட்டு தெரிஞ்சுகிட்டேன், அவ்வளவுதான். கேட்டவங்க எல்லாரும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்டாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன்.

முதல்ல வீடு பாக்கணுமா, லோன் பாக்கணுமா?

கைல எவ்வளவு இருக்குன்னு பாருங்க. லோன் கிடைச்சிடும்ல, அப்புறம் என்னன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரைக்குமான லோனுக்கு வீட்டு மதிப்புல 90 சதவீதம் வரைக்கும் பேங்க் குடுக்கலாம், 30க்கு மேல 75 லட்சம் வரைக்கும் 80 சதவீதம், அதுக்கு மேல போனா 75 சதவீதம். இது உச்சவரம்புதான், உங்களுக்கு அவ்வளவும் தந்தே ஆகணும்னு இல்ல. இன்னொண்ணு, பத்திரச் செலவு இந்த மதிப்புல பொதுவா சேராது, அது முழுக்க உங்க கைக்காசு.

60 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு வாங்கறீங்கன்னு வைங்க. லோன் 48 லட்சம், மீதி 12 நீங்க போடணும். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9, அப்போ 5 லட்சத்து 40 ஆயிரம். புது ஃபிளாட் முதல் விற்பனைன்னா கொஞ்சம் கம்மியா வரும். அதுக்கு மேல புரோக்கர் கமிஷன், வக்கீல் ஃபீஸ், பேங்க் ப்ராசஸிங் ஃபீஸ், லோன் பத்திரம் பதியற செலவு, போய் குடியேறினதும் ஃபேன் லைட்டு கப்போர்டுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும். ஆக 12 லட்சம்னு நினைச்சு இறங்கினவங்களுக்கு 19, 20 வந்து நிக்கும், அப்பத்தான் நகையை அடகு வைக்கறதும் பர்சனல் லோன் எடுக்கறதும் ஆரம்பிக்குது. அந்த 20 கைல வர்ற வரைக்கும் வாடகை வீட்டுலயே இருங்க, அதுல ஒரு அவமானமும் இல்ல.

இஎம்ஐ கம்மியா வரும்னு 30 வருஷம் போட சொல்றாங்களே?

கணக்கை மட்டும் சொல்றேன். 48 லட்சம், வட்டி 8.5 சதவீதம்னு உதாரணத்துக்கு வச்சா 20 வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 41,650, 30 வருஷத்துக்கு சுமார் 36,900. மாசம் 4,750 ரூபா மிச்சம், பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மொத்த வட்டி 20 வருஷத்துக்கு 52 லட்சம் கிட்ட, 30 வருஷத்துக்கு 85 லட்சம் கிட்ட. 33 லட்சம் வித்தியாசம்.

முதல் மாசம் நீங்க கட்டற 41,650ல 34,000 வட்டிக்கே போயிடும், அசல்ல கழியறது ஏழாயிரத்து சொச்சம்தான். அதனாலதான் ஆரம்ப வருஷங்கள்ல கொஞ்சம் கூடுதலா கட்டினாலும் பெரிய பலன் இருக்கு. வருஷத்துக்கு ஒரே ஒரு இஎம்ஐ எக்ஸ்ட்ரா கட்டினா 20 வருஷ லோன் மூணு வருஷத்துக்கும் மேல முன்னாடியே முடிஞ்சிடும். தனிநபர் பேர்ல இருக்கற ஃப்ளோட்டிங் வட்டி (அப்பப்போ ஏறி இறங்கற வட்டி) வீட்டு லோனை முன்கூட்டி அடைச்சா அபராதம் வாங்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு, போனஸ் வந்தா தயங்காம கட்டுங்க.

வட்டி ஏறினா பேங்க் சத்தமில்லாம வருஷத்தை நீட்டி விட்டுடும், 20 வருஷம்னு எடுத்த லோன் 26 ஆகிக் கிடக்கும், நமக்கே தெரியாது. இஎம்ஐய கூட்டறதா, வருஷத்தை நீட்டறதான்னு கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு, 2023ல ரிசர்வ் வங்கி இதை தெளிவாவே சொல்லிடுச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை லோன் ஸ்டேட்மெண்ட் எடுத்து இன்னும் எத்தனை மாசம் பாக்கின்னு பாத்துடுங்க.

பேங்க்ல லோன் அப்ரூவ் ஆயிடுச்சு, அப்போ பத்திரம் எல்லாம் சரிதானே?

இல்லவே இல்ல. அதிகம் பேர் ஏமாறறதே இந்த நம்பிக்கைலதான். பேங்க் அதோட பணத்துக்கு பாதுகாப்பு இருக்கான்னுதான் பாக்கும். நாளைக்கு சொத்துல சிக்கல் வந்தாலும் உங்க சம்பளத்துல இருந்து இஎம்ஐ பிடிச்சுக்கும், கடன் உங்க தலைலதான் இருக்கும், வீடுதான் கைல இருக்காது. பேங்க் வக்கீல் குடுக்கற லீகல் ஒப்பீனியன் பேங்குக்கு எழுதினது. உங்களுக்குன்னு தனியா ஒரு சிவில் வக்கீல், முடிஞ்சா அந்த ஊர் கோர்ட்டுலயே பழக்கம் உள்ளவரா பாத்து, மூலப் பத்திரத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் எல்லாத்தையும் குடுத்து எழுத்துல ஒப்பீனியன் வாங்குங்க. அரை கோடிக்கு வீடு வாங்கறோம், அந்த ஃபீஸ்ல கணக்கு பாக்காதீங்க. விக்கறவரோ புரோக்கரோ கூட்டிட்டு வர்ற வக்கீல் வேண்டாம், அவர் நல்லவராவே இருந்தாலும் வேண்டாம்.

வில்லங்கச் சான்று பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல. அது போதாதா?

போதாது, ஆனா அதை விட்டுட்டும் வாங்க முடியாது. பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் சைட்டுல இலவசமாவே ஈசி, அதாவது இந்த வில்லங்கச் சான்றை, பாக்கலாம், பெரும்பாலான ஊருக்கு 1975ல இருந்து இருக்கும். குறைஞ்சது 30 வருஷத்துக்கு போடுங்க. சர்வே நம்பரும் உட்பிரிவும் சரியா குடுக்கணும், 45/2ன்னு போட வேண்டிய இடத்துல 45/2ஏன்னு போட்டா சுத்தமா வேற சொத்தோட ஈசி வரும், அதைப் பாத்துட்டு வில்லங்கமே இல்லன்னு சந்தோஷப்பட்டவங்க இருக்காங்க. பழைய பத்திரத்துல பழைய சர்வே நம்பர் இருக்கும், நகரத்துக்குள்ள வந்த இடம்னா டவுன் சர்வே நம்பர் வேற இருக்கும், எல்லாத்துக்கும் தனித்தனியா போட்டுப் பாருங்க.

ஈசில வர்றது சொத்து சம்பந்தமா பதிவான பத்திரங்கள் மட்டும்தான். வெறும் பேப்பர்ல எழுதிக்கிட்ட ஒப்பந்தம் வராது, உயில் வராது, கோர்ட்டுல நடக்கற கேஸ் பெரும்பாலும் வராது, வாய் வார்த்தையா பங்கு கேட்டுட்டு இருக்கற தம்பி நிச்சயமா வரமாட்டார். அதனால ஈசில இருக்கற ஒவ்வொரு பத்திரத்தோட நகலையும் வாங்கி, இவர்கிட்ட இருந்து அவர், அவர்கிட்ட இருந்து இவர்னு சங்கிலி எங்கயும் அறுபடாம வருதான்னு வக்கீலோட உக்காந்து பாருங்க. நடுவுல யாரோ ஒருத்தருக்கு சொத்து எப்படி வந்துச்சுன்னே தெரியலன்னா அங்க நிறுத்திடணும். பக்கத்து வீட்டுலயும் தெருமுனைக் கடைலயும் இந்த வீட்டைப் பத்தி விசாரிங்க, எந்த சான்றிதழ்லயும் இல்லாத விஷயம் அங்க கிடைக்கும்.

ஒரிஜினல் பத்திரத்தை கண்ணால பாருங்க. தொலைஞ்சு போச்சு, நகல்தான் இருக்குன்னா அது எங்கயோ அடமானத்துல இருக்கலாம்னுதான் முதல்ல நினைக்கணும்.

அப்பா பேர்ல இருந்த வீட்டை பசங்க விக்கறாங்க. எல்லாரும் கையெழுத்து போடணுமா?

எல்லாரும். கல்யாணம் ஆகி போன பொண்ணும் சேர்த்துதான்.

எங்க சித்தப்பா இப்படித்தான் அண்ணன் தம்பி ரெண்டு பேர்கிட்ட இருந்து ஒரு வீடு வாங்கினார், தங்கச்சிக்கு நகை போட்டு கட்டிக் குடுத்தாச்சு, அதுக்கு இதுல பங்கு இல்லன்னு சொன்னாங்க, இவரும் நம்பிட்டார், அந்த ஊர்ல அப்போ எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. ஏழு வருஷம் கழிச்சு அந்த அம்மா வீட்டுக்காரர் இறந்து கஷ்டத்துல இருந்தப்போ தன் பங்கைக் கேட்டு கேஸ் போட்டாங்க. அவங்க கேட்டதுல தப்பே இல்ல, அது அவங்க உரிமை. பதினோரு வருஷம் கேஸ் நடந்து, கடைசில சித்தப்பா அவங்களுக்கு இன்னொரு தடவை காசு குடுத்து, பங்கை விட்டுக் குடுக்கற விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். காசை வாங்கிட்டுப் போன அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் வந்து நிக்கவே இல்ல. சித்திக்கு அந்த வீட்டுல நிம்மதியா ஒரு பொங்கல் கூட கொண்டாட முடியல.

சட்டம் இதுதான். இந்து குடும்பத்துல அப்பா தானா சம்பாதிச்ச சொத்துக்கு உயில் எழுதாம இறந்துட்டா 1956 வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, அவரோட அம்மா, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்துல தமிழ்நாட்டுல 1989லயே பொண்ணுங்களுக்கு உரிமை வந்துடுச்சு, அப்போ கல்யாணம் ஆகாம இருந்தவங்களுக்கு மட்டும்னு ஒரு வரம்பு இருந்துச்சு, 2005 மத்திய சட்டத் திருத்தம் அந்த வரம்பையும் எடுத்துடுச்சு. கிறிஸ்தவங்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசு சட்டம் வேற, வக்கீல்கிட்ட கேளுங்க. வாரிசுச் சான்றிதழ்ல இருக்கற ஒவ்வொரு பேரும் பத்திரத்துல வரணும், அந்தச் சான்றுல யாரையாவது விட்டிருக்காங்களான்னு ஊர்ல விசாரிக்கணும். வாரிசுகள்ல ஒருத்தர் மைனர்னா கோர்ட் அனுமதி தேவைப்படலாம், வக்கீலைக் கேக்காம கை வைக்காதீங்க.

பட்டா விக்கறவர் பேர்லதான் இருக்கு. அப்புறம் என்ன பயம்?

பட்டா வருவாய்த்துறை ஆவணம், அது மட்டுமே உரிமையை நிரூபிச்சுடாது. ஆனா பத்திரத்துல ஒரு பேரும் பட்டாவுல இன்னொரு பேரும் இருந்தா ஏன்னு கேட்டே ஆகணும். பத்திரத்துல 2,400 சதுர அடி, பட்டாவுல 2,180ன்னு இருந்தா நீங்க காசு குடுக்க வேண்டியது 2,180க்கு. அ-பதிவேடும் (ஊர் நிலங்களோட வருவாய்த்துறைப் பதிவேடு) புலப்படமும் (நில அளவைப் படம்) சேர்த்து வாங்குங்க, இடம் புறம்போக்கா, கோயில் நிலமா, ஓடையா வாய்க்காலான்னு பெரும்பாலும் அதுலயே தெரிஞ்சிடும். கூட்டுப் பட்டான்னா மத்தவங்க யாரு, உங்க இடம் எது எதுன்னு பிரிச்சுக் காட்டணும். ஒரு சர்வேயரை வச்சு நாலு பக்கமும் அளந்துடுங்க, அரை நாள் வேலை.

ஓனர் வெளிநாட்டுல இருக்கார், பவர் வாங்கினவர் விக்கறார். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா பவர், அதாவது தனக்குப் பதிலா செயல்பட ஓனர் இன்னொருத்தருக்கு எழுதிக் குடுத்த அதிகாரப் பத்திரம், பதிவானதா, விக்கற அதிகாரம் அதுல இருக்கா, ரத்து பண்ணாம இருக்கா, முக்கியமா ஓனர் உயிரோட இருக்காரான்னு பாக்கணும். பொதுவா ஓனர் இறந்துட்டா அந்த நிமிஷமே பவர் செல்லாது. வீடியோ கால்ல ஓனர்கிட்ட நேரா பேசுங்க, பேச விடமாட்டேன்னா விலகிடுங்க. கிரயப் பத்திரமே இல்லாம வெறும் பவரும் ஒப்பந்தமும் போட்டு சொத்தை கை மாத்தினா உரிமை மாறாதுன்னு உச்ச நீதிமன்றம் 2011லயே சொல்லிடுச்சு.

ஃபிளாட்டுல 1,000 சதுர அடின்னாங்க, உள்ள போனா சின்னதா இருக்கே?

அந்த 1,000ல மாடிப்படி, லிஃப்ட், காரிடார் எல்லாத்துலயும் உங்க பங்கைச் சேர்த்திருப்பாங்க. நீங்க புழங்கப் போற இடம் கார்பெட் ஏரியா, அது எழுநூத்து சொச்சம் இருக்கும். ரெண்டு ஃபிளாட்டை ஒப்பிடறப்போ விலையை கார்பெட் ஏரியாவால வகுத்துப் பாருங்க, மலிவுன்னு நினைச்சது மலிவா இருக்காது.

அதைவிட முக்கியம் யூடிஎஸ், அதாவது பிரிபடாத நிலப் பங்கு. கட்டடம் வருஷா வருஷம் பழசாகும், உங்ககிட்ட கடைசில நிக்கப் போறது அந்த நிலம்தான். 2022 அடுக்குமாடிச் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு ஓனர்கள் ஒத்துக்கிட்டாலே பழைய கட்டடத்தை இடிச்சுக் கட்டலாம், அப்போ பேசறதெல்லாம் யாருக்கு எவ்வளவு யூடிஎஸ்னுதான். பத்திரத்துல யூடிஎஸ் எத்தனை சதுர அடின்னு எழுதியிருக்கணும், எல்லா ஃபிளாட்டோட யூடிஎஸ்ஸும் கூட்டினா மொத்த நிலத்தைத் தாண்டக்கூடாது.

இன்னும் கட்டிட்டே இருக்கற ப்ராஜெக்ட். என்ன பாக்கணும்?

500 சதுர மீட்டருக்கு மேல நிலம் இருந்தாலோ 8 ஃபிளாட்டுக்கு மேல இருந்தாலோ ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல பதிவு கட்டாயம். தமிழ்நாடு ரெரா சைட்டுல பதிவு நம்பரைப் போட்டு அப்ரூவல் பிளான், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் பாருங்க. 2016 ரெரா சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் போட்டு பதிவு பண்ணாம 10 சதவீதத்துக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது. சொன்ன தேதில முடிக்கலன்னா வட்டியோட பணத்தைத் திரும்பக் கேக்கலாம். வீட்டுக்குப் போன 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துல குறை வந்தா பில்டர் சும்மா சரி பண்ணித் தரணும், இது நிறைய பேருக்கு தெரியறதே இல்ல, சொந்தக் காசுல விரிசலை அடைச்சுட்டு இருக்காங்க. ஜிஎஸ்டி பொதுவா 5 சதவீதம், கட்டி முடிச்சு நிறைவுச் சான்று வாங்கினப்புறம் வாங்கினா கிடையாது.

சிஎம்டிஏ, டிடிசிபின்னு கட்டட அனுமதி குடுக்கற அரசு அமைப்புகள் பேரைப் போட்டு அப்ரூவ்டுன்னு போர்டு வச்சிருந்தா மட்டும் நம்பாதீங்க, பிளானைக் கைல வச்சுக்கிட்டு மாடியை எண்ணுங்க. பிளான்ல ரெண்டு மாடி, நிக்கறது மூணு மாடின்னா அந்த மூணாவது மாடிக்கு அனுமதியே இல்ல, அதைத்தான் பெரும்பாலும் மலிவா விப்பாங்க.

வீட்டை எப்போ போய்ப் பாக்கறது நல்லது?

ஐப்பசி, கார்த்திகை மழைல. நல்லா பேஞ்ச மறுநாள் காலைல போங்க, தெருவுல தண்ணி எங்க நிக்குது, வீட்டு வாசல் ரோட்டை விட மேல இருக்கா கீழ இருக்கா, சுவத்துல ஓதம் ஏறியிருக்கான்னு கண்ணுக்கே தெரியும். 2015 டிசம்பர்ல சென்னைல வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் எல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி புகுந்தப்போ அங்க புதுசா வீடு வாங்கிட்டு வந்த எத்தனையோ குடும்பம் மொட்டை மாடில நின்னாங்க. பழைய ஏரி எது, வாய்க்கால் எங்க போச்சுன்னு பக்கத்துல இருக்கற வயசானவங்களைக் கேளுங்க. இப்பத்தான் பெயிண்ட் அடிச்ச வீடுன்னா பாத்ரூம் சுவத்துக்கு பின்பக்கமும் சீலிங் மூலையும் உத்துப் பாருங்க. சித்திரை, வைகாசில போர்வெல்ல தண்ணி வருதா, லாரித் தண்ணி வாங்கறாங்களான்னு தனியா விசாரிக்கணும்.

டோக்கன் அட்வான்ஸ் உடனே குடு, இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்குங்கறாரே புரோக்கர்?

போனா போகட்டும். இந்த ஒரு வார்த்தைக்கு பயந்து குடுத்த அட்வான்ஸ்தான் திரும்பி வராத அட்வான்ஸ். பேப்பர் நகல் எல்லாம் கைக்கு வந்து வக்கீல் ஒரு தடவை பாக்கற வரைக்கும் ஒரு ரூபா குடுக்காதீங்க. குடுக்கறப்போ பேங்க் வழியாத்தான் குடுக்கணும், 20,000 ரூபாவும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கறதை வருமான வரிச் சட்டமே தடுக்குது. ஒப்பந்தத்துல லீகல் சரியில்லன்னாலோ லோன் கிடைக்கலன்னாலோ இத்தனை நாளுக்குள்ள அட்வான்ஸை முழுசா திருப்பித் தரணும்னு ஒரு வரி கண்டிப்பா எழுதுங்க. ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணிடுங்க, அது ஈசில ஏறிடும், அவர் இன்னொருத்தருக்கு விக்கறது கஷ்டம்.

பாதி வெள்ளை பாதி கறுப்புன்னு கேட்டா ஒத்துக்காதீங்க. பத்திரத்துல கம்மியா காட்டினா லோனும் கம்மியாத்தான் கிடைக்கும், நாளைக்கு கேஸ்னு வந்தா நீங்க குடுத்த பாதிப் பணத்துக்கு சாட்சியே இருக்காது, நீங்க விக்கறப்போ லாபம் அதிகமா தெரிஞ்சு வரியும் கூடும்.

அந்த வீட்டு மேல ஏற்கனவே லோன் இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்ல, இது சகஜம்தான். அந்த பேங்க்ல இருந்து பாக்கி எவ்வளவு, எந்தெந்த ஒரிஜினல் அவங்ககிட்ட இருக்குன்னு லெட்டர் வாங்குங்க, உங்க பேங்க் நேரா அந்த லோன் கணக்குலயே கட்டட்டும், விக்கறவர் கைல குடுத்து அவர் கட்டுவார்னு விடாதீங்க. கட்டினதும் அடமானக் கடன் தீர்ந்துச்சுங்கற ரசீது பத்திரம் பதிஞ்சு ஈசில வரணும். முழுசா அடைச்ச 30 நாளுக்குள்ள பேங்க் ஒரிஜினலைத் திருப்பித் தரணும், அவங்க தாமதம் பண்ணினா நாளொண்ணுக்கு 5,000 ரூபா இழப்பீடு, 2023 டிசம்பர்ல இருந்து இந்த விதி இருக்கு.

ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சா வேலை முடிஞ்சுதா?

இல்ல, ஒரு மாசத்துக்கு அலைச்சல் இருக்கு. வீட்டு விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விக்கறவருக்குக் குடுக்கற பணத்துல முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி, நீங்கதான் பிடிச்சுக் கட்டணும், விக்கறவருக்கு முழுப் பணத்தையும் குடுத்துட்டு அப்புறம் நோட்டீஸ் வந்து நிக்கறவங்களைப் பாத்திருக்கேன். விக்கறவர் என்ஆர்ஐன்னா டிடிஎஸ் கணக்கே வேற, ஆடிட்டரைப் பாத்துட்டுத்தான் பணம் குடுக்கணும். அப்புறம் பட்டா மாறுதல். உட்பிரிவு பண்ணத் தேவை இல்லாத முழு சர்வே நம்பர்னா பத்திரம் பதிஞ்சதும் தானாவே மாறற வசதி இருக்கு, ஆனா மாறிடுச்சான்னு ஆன்லைன்ல நீங்க பாத்துதான் உறுதிப்படுத்திக்கணும், உட்பிரிவு உண்டுன்னா சர்வேயர் வந்து அளக்கணும். வீட்டு வரி, கரண்ட் கனெக்‌ஷன், தண்ணி வரி மூணையும் உங்க பேருக்கு மாத்துங்க, பழைய பாக்கி இருக்கான்னு ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே பாத்து விக்கறவரையே கட்ட வைங்க.

ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை ஈசி போடுங்க. உங்க கிரயப் பத்திரமும் உங்க பேங்க் அடமானமும் மட்டும் புதுசா ஏறியிருக்கணும். ஒரிஜினல் எல்லாம் பேங்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமும் ஸ்கேன் எடுத்து, பேங்க் எந்தெந்தப் பத்திரத்தை வாங்கிச்சுன்னு சீல் போட்ட லிஸ்ட்டும் வாங்கி, வீட்டுல உங்களைத் தவிர இன்னொருத்தருக்கும் அது எங்க இருக்குன்னு சொல்லி வைங்க.